உபயம்: பிரியந்தன், ரொறன்ரோ

எங்கள் மன்றத்தில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. டியூப் லைட்டில் பெயர் எழுதி எழுதி, வெளிச்சம் எழுத்துகளுக்கு நடுவே ஒதுங்கித்தான் வெளியே வருகிறது. மின்விசிறியின் மூன்று இறக்கைக்கும் மூன்று பெயர். சுற்றினால் வாசிக்க முடியாது என்று, கூட்டம் முடியும்வரை விசிறியைப் போடவிடாத குடும்பமும் உண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் ஞானவொளி நலன்புரி மன்றத்தைத்தான் சொல்கிறேன். அங்கே கணினி வகுப்பு எடுப்பவள் நான், ரூபிகா.

வகுப்பில் புரொஜெக்டரோடு இணைத்த கணினி ஒன்று இருக்கிறது. சிவானந்தன் அங்கிள் தன் மனைவி நேசமலரின் நினைவாகத் தந்தது. தலைவர் அதன் பெட்டி மேலேயே பெயின்றால் பெயர் எழுதப் பார்த்தார். நான் தடுத்து, வேறு வழி செய்தேன். கணினியைப் போட்டதும் முதலில் எழும்புவது பூட்லோடர். எந்த இயங்குதளத்துக்குள் போகவேண்டும் என்று வாசலில் நின்று கேட்கும் சின்ன மென்பொருள் அது. பத்து விநாடி காத்திருக்கும், பதில் இல்லையென்றால் பட்டியலில் முதலாவதாக உள்ளதைத் தானே திறந்துவிடும். அந்தத் திரையின் பின்னணியில் நேசமலர் அன்ரியின் படத்தைப் போட்டுவிட்டேன்.

அங்கிள் மகளோடு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார். சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கேட்டதற்கு வீட்டுக்காரர் சிங்களத்தில் “எப்பா, எப்பா”, வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாராம். அதனால் அன்ரியின் பெரிய படம் அலுமாரிக்குள் சேலைகளோடு கிடக்கிறது. காலையில் மன்றம் திறந்ததும் அங்கிள் வந்து கணினியைப் போடுவார். சுவர் முழுக்க அன்ரி சிரிப்பார். பத்து விநாடி. பிறகு, “சரி பிள்ளை, நீர் வகுப்பைத் துவங்கும்” என்று பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த நேரத்தில் நான் எப்போதும் டஸ்டரைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரொறன்ரோவிலிருந்து பிரியந்தன் அண்ணா விடுமுறைக்கு வந்தார். மன்றத்துக்கு ஓர் அன்பளிப்புச் செய்ய வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

“புது ஒப்பரேற்றிங் சிஸ்டம், தங்கச்சி. கனடாவில இருந்து கொண்டு வந்தனான்.”

யார் வேண்டுமானாலும் இணையத்தில் சும்மா இறக்கிக்கொள்ளும் லினக்ஸ் அது. கடைத்தேங்காயை வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன். ஆனால் தலைவர் அதற்குள் பொன்னாடைக்குச் சொல்லிவிட்டார்.

அங்கிளுக்கு முகம் வெளிறிவிட்டது. “அப்ப நேசத்தின்ர படம்?” என்று என்னைத்தான் கேட்டார்.

“அது போகாது அங்கிள். பழைய பூட்லோடரை அப்பிடியே விட்டிட்டு, புதுசைப் பக்கத்தில போடலாம்” என்றேன். அதையே நிர்வாக சபையிலும் சொன்னேன். ‘இருக்கின்ற பூட்லோடர் மாற்றப்படமாட்டாது’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பூட்லோடர் என்றால் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் ஏகமனதாக நிறைவேறியது.

விழா வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்பு. குத்துவிளக்கு, தேவாரம், தலைவரின் உரை எல்லாம் முடிந்துதான் கணினி என் கைக்கு வந்தது. உரை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நிறுவும்போது, பூட்லோடரையும் சேர்த்துப் போடவா என்று ஓரிடத்தில் கேட்கும். சரி என்று முன்கூட்டியே அடையாளமும் இட்டு வைத்திருக்கும். அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். தலைவர் என் தலைக்கு மேலே கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சுதோ பிள்ளை? முடிஞ்சுதோ?” என்று கேட்டபடி நின்றார். அந்த ஆய்க்கினையில் கடைசி வேலையை மறந்துபோனேன். பழைய தளத்துக்குள் போய், புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார் என்று பழைய பூட்லோடருக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும்.

பிரியந்தன் அண்ணா பொன்னாடையோடு வந்து பொத்தானை அழுத்தினார். கமராக்கள் மின்னின. சுவரில் நேசமலர் அன்ரி சிரித்தார். பட்டியலில் பழைய தளத்தின் பெயர் மட்டுந்தான் இருந்தது. முன்வரிசையில் சிவானந்தன் அங்கிள் ஒருவர் மட்டும் கைதட்டினார்.

“என்ரை எங்க?” என்றார் பிரியந்தன் அண்ணா.

“உள்ள இருக்கண்ணா.”

“உள்ள எண்டா? ஏன் தெரியேல்லை?”

“பின்னால அனெக்ஸில ஆள் வந்தாச்சு, கேற் பெல்லில பேர் போடேல்லை. அவ்வளவுதான். ஒரு வரி அடிச்சாச் சரி.”

நான் விசைப்பலகையில் கை வைக்கவும், தலைவர் பாய்ந்து வந்தார். “கை வைக்காதையும்! ராகுகாலம் துவங்கியிட்டுது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார். ஒரு வரிக்காக முழு ராகுகாலமும் சபை காத்திருந்தது. வடை முடிந்து, பற்றிஸ் முடிந்து, கடைசியில் பேசவே விஷயம் இல்லாமல் எல்லோரும் டியூப் லைட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ராகுகாலம் கழிந்ததும் அந்த வரியை அடித்தேன். ‘உபயம்: பிரியந்தன், ரொறன்ரோ’ என்று பட்டியலில் வந்தது. ஆனால் இரண்டாவதாக. அது முறையில்லை என்றார்கள், முதலாவதாக ஏற்றினேன். பிரியந்தன் அண்ணா சுவரையே பார்த்தபடி நின்றார்.

“தங்கச்சி, செத்த ஆளின்ர படம், அதுக்குக் கீழ என்ர பேர். மரண அறிவித்தல் மாதிரியெல்லோ கிடக்கு?”

சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, என்ன செய்ய? படத்தை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். தீர்மானம் இருக்கிறது என்றேன். தலைவர் தீர்மானத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“மாத்திறேல்லை எண்டுதானே தீர்மானம், பிள்ளை? காட்டுறது எண்டு அதில எங்க கிடக்கு?”

நான் மறுத்தும் பயனில்லை. பிரியந்தன் அண்ணா யூரியூப் பார்த்து, காத்திருக்கும் நேரத்தைப் பத்திலிருந்து பூச்சியமாக்கினார். கணினியின் கடவுச்சொல் தலைவரின் பெயர்தான், வேறு என்னவாக இருக்கப்போகிறது? பூட்லோடர் இருந்த இடத்திலேயே இருந்தது. தீர்மானத்தில் ஓர் எழுத்துக்கூட மீறப்படவில்லை. அன்று பின்னேரமே அவர் கட்டுநாயக்காவுக்குப் போய் விமானம் ஏறினார்.

மறுநாள் காலை அங்கிள் வந்து கணினியைப் போட்டார். பிரியந்தன் அண்ணாவின் தளம் நேரே திறந்து, சுவரில் ரொறன்ரோவின் பனிப் படம் வந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். திரும்பவும் பனிதான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் போட்டார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ, பிள்ளை?”

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொன்னாடையைத் தேடி எடுத்துக் கொளுத்தியிருப்பேன். அழுகையும் வந்தது. “நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லை அங்கிள். கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்று பழைய தளத்துக்குள் போனேன். பூச்சியத்தை அழித்துவிட்டு, யாராவது ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும்படி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். நடப்பதைப் பார்த்து, “ஆரைக் கேட்டு மாத்துறீர்?” என்றார்.

“ஒண்டையும் மாத்தேல்லை, தலைவர். எவ்வளவு நேரம் எண்டு தீர்மானத்தில எங்க கிடக்கு?”

அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று போய்விட்டார். பார்க்கட்டும்.

கணினியைத் திரும்பப் போட்டேன். சுவர் முழுக்க அன்ரி வந்தார். அங்கிள் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல எழும்பத் தயாரானார். பத்து விநாடி போனது. அன்ரி போகவில்லை.

“போகேல்லை, பிள்ளை.”

“நீங்கள் ஒரு கீயை அமத்தினாத்தான் போவா, அங்கிள்.”

அங்கிள் விசைப்பலகையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்தார்கள். அன்றைய வகுப்பைக் கரும்பலகையில் எடுத்தேன்.