பதினாறு ஓம்

மூன்று வருஷமாக அவள் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் அந்தப் பட்டறைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த ஆள் சூப்பர்வைசர். சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் எல்லாருக்கும் அவர் 'டெஸ்டர்'தான். வாயைத் திறந்தால், மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற தோரணை.

அங்கே விசிறி இறக்கைகளுக்குப் பெயிண்ட் அடித்து, மின்சார ஓவனில் உலர்த்துவார்கள். முன்பு அந்த ஓவனைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய அண்ணன். ஒரு மத்தியானம் உள்ளே பெயிண்ட் ஆவி பற்றிக்கொண்டது. அண்ணனின் வலது கை வெந்துபோனது. விழுந்து தலையில் அடிபட்டதில் அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. "ஓவன் முன்னாடி உக்காந்து தூங்கிட்டான்" என்று டெஸ்டர் முதலாளியிடம் சொல்ல, சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். தெருவே அப்படிப் பேச, கேட்டுக் கேட்டு அண்ணனே அதை நம்பிவிட்டான். "நான்தானே தூங்கிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வான்.

யாருடைய தங்கை என்று மூச்சு விடாமல், விசிறிக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் வேலையில் சேர்ந்தாள். முதல் மாதமே பழைய இரும்புக் குவியலில் எரிந்த ஓவனின் காயில் அகப்பட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாள். மின்தடை இருபத்து நாலு ஓம் காட்ட வேண்டியது பதினாறு காட்டியது. யாரோ மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறார்கள். ஓவனைப் பிரித்துப் பார்க்கிறவர் டெஸ்டர் ஒருவர்தான்; யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது அந்த வாயாலேயே வரவேண்டும்.

வந்தது. புது ஓவனில் பெயிண்ட் கொப்பளிக்கிறது என்று ஒரு நாள் காலை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். அவள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"சூட்டக் குறைக்கணும்னா காயில நீளமாக்கணுமா சார், வெட்டணுமா?"

"வெட்டணும்மா! ஓம் குறைஞ்சா சூடு குறையும். இதுகூடத் தெரியாதா? பழைய ஓவன்லயும் நான்தான் என் கையால வெட்டிவிட்டேன்."

"எப்போ சார்?"

"அது தீப்பிடிச்சுதே, அன்னைக்குக் காலைலதான்."

அவள் சாக்பீஸை எடுத்தாள். மூன்று வருஷம் மனசுக்குள் போட்டுப் பார்த்த கணக்கைச் சுவரில் எழுதினாள்.

"வோல்ட்ட வோல்ட்டால பெருக்கி ஓமால வகுத்தா வாட். நம்ம லைன் இருநூத்தி நாப்பது. பெருக்கினா அம்பத்தேழாயிரத்து அறுநூறு. இருபத்து நாலால வகுத்தா ரெண்டாயிரத்து நானூறு வாட். பதினாறால வகுத்தா மூவாயிரத்து அறுநூறு. நீங்க சூட்டக் குறைக்கல சார், ஏத்திவிட்டீங்க."

"ஆம்பியர ஆம்பியரால பெருக்கி ஓமால பெருக்கினாலும் வாட்தானே? ஓம் குறைஞ்சா அதுவும் குறையணுமே..."

"ஆம்பியர் அப்படியே நிக்குமா? ஓம் குறைஞ்சதும் பத்து இருந்தது பதினஞ்சாச்சு. போட்டுப் பாருங்க, அதே மூவாயிரத்து அறுநூறுதான் வரும். எங்க அண்ணன் கைய வேகவச்சது உங்க வெட்டு."

டெஸ்டர் அந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பவே இந்தாள வெளிய அனுப்பிடறேன்" என்றார் முதலாளி.

"அது உங்க பாடு சார். எனக்கு இவர் எங்க வீட்டுக்கு வரணும்."

சாயங்காலம் டெஸ்டர் வந்தார். கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருக்க, எதிரே ஒரு தாளில் அதே கணக்கைப் போட்டுக்காட்டினார். கடைசி வரிக்கு வரும்போது பேனா நின்றது.

"நீ தூங்கினத நான் பாக்கலப்பா" என்றார். "சூப்பர்வைசர்னு பழி என் தலைக்கு வந்துடுமோன்னு பயந்து, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

அண்ணன் தாளை இடது கையால் எடுத்துப் பார்த்தான். பிறகு, "அப்போ நான் தூங்கலையா?" என்று கேட்டான்.

டெஸ்டர் விம்மத் தொடங்கினார். பார்க்கிறவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு இல்லை. எழுந்துபோய்த் தெருக்கதவை விரியத் திறந்தாள். தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டுக்காரி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கறான்ல, பதில் சொல்லுங்க சார்" என்றாள் அவள். "சத்தமா."