மூட்டையில் வந்த குப்பை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த முதல் சண்டை குப்பையால் வந்தது. கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக, "குப்பை போட்ட காடாட்டம் ஆயிட்டே அம்மணி" என்றார்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்காநல்லூர். எங்கள் தெருவில் ஒருத்தியைப் பார்த்துக் குப்பை என்று சொன்னால் குடுமிப்பிடியில்தான் முடியும். இவர் வாயாலேயே அதைக் கேட்ட பிறகு பேச என்ன இருக்கிறது? சோற்றைப் போட்டு நங்கென்று வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். மனுஷன் ஒன்றும் புரியாமல் முழித்தார். பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் அக்காதான் சிரித்துச் சிரித்து எனக்கு விளக்கம் சொன்னார். இவருக்கு ஆனைமலைக்குத் தெற்கே ஒரு ஊர். மாசாணியம்மனை வேண்டிப் பிறந்ததால் மாசாணம் என்று பேர். அந்தப் பக்கத்தில் சாணியும் வைக்கோலும் தழையும் மக்கிக் கிடக்கும் எருவுக்குத்தான் குப்பை என்று பேராம். இவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் அடுத்தவர்கள் காட்டுக்கு வண்டி வண்டியாகக் குப்பை அடித்தவர்கள். குப்பை போட்ட காடு என்றால் செழித்து நிற்கும் வயல். என் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனதைத்தான் ஐயா அப்படிப் பாராட்டியிருக்கிறார்.

அந்தச் சண்டையை நாங்கள் மறந்தே போய்விட்டோம். தொண்ணூற்றாறில் மில்லை மூடினார்கள். அதன் பிறகுதான் அந்த வார்த்தை மறுபடியும் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மில்லில் இவர் ஃபிட்டர். வெளியில் வந்த பிறகு வேலை தேடி அலையாத இடமில்லை. பிறகு அலைவதையும் விட்டுவிட்டார். உடம்பு இளைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பேச்சு இளைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்ட, இவர் கொல்லையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது கேட்டால், "ம்" என்பார். அந்த 'ம்' கேட்டுக் கேட்டு எனக்கு மெஷினைத் தூக்கி எறியலாம்போல் இருக்கும்.

அப்படி இருந்தவர் ஒருநாள் தானாகவே காளியாத்தாள் அக்காவின் எருமைக் கொட்டகையிலிருந்து மக்கின எருவைக் கூடையில் அள்ளிவந்து, பால் கவரில் நிரப்பித் தக்காளி விதை போட்டார். நாற்று தளதளவென்று வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கும் கோவிந்தராஜுலுவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"ஐப்பசி மழைக்கு ஊட்டுத் தோட்டம் போடறவங்க நாத்து கேட்டு வருவாங்க. தக்காளி, கத்திரி, மொளகா மூணுலயும் நெறையக் கொண்டாங்க. இதே மாதிரி இருந்தா, வருசம் பூராவும் உங்ககிட்டயே எடுத்துக்கறனுங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் பேசிக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

இன்னொரு பக்கம் ரங்கராஜ் அண்ணன் இருந்தார். இவரோடு மில்லில் வேலை பார்த்தவர், நல்ல மனுஷன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி குடோனுக்கு வாட்ச்மேன் வேலை இருக்கிறது, அங்கேயே தங்க வேண்டும், மாதத்துக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வரலாம், சரஸ்வதி பூசை கழித்து வந்து பதில் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மில் போனது போதாதா, மனுஷனும் போக வேண்டுமா? ஆனால் நாற்று சரியாக வரவில்லையென்றால் இவர் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லை என்று காளியாத்தாள் அக்காவிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

நிறைய நாற்றுக்கு நிறைய எரு வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அக்கா எருமையை விற்றுவிட்டார். சரி, மூட்டையில் விற்கிறதாமே, வாங்கிக்கொள்ளலாம் என்று இவர் டவுனுக்குப் போனார். திரும்பி வரும்போது சைக்கிளின் பின்னால் இரண்டு மூட்டை, முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"செவ்வந்தி, இங்க வந்து பாரு! என்னென்னமோ பேர்ல ஒரம் அடுக்கி வெச்சிருந்தான். ஒண்ணும் எனக்குப் புடிபடலை. கடைசில பாத்தா, குப்பையவே மூட்டை கட்டி வெச்சிருக்கறான்! குப்பைக்கு மிஞ்சி என்ன இருக்குது?"

மூட்டையின் மேல் குப்பை உரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவிழ்த்ததும் புளித்த வாடை அடித்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஏனுங்க, உங்க குப்பை இப்படியா நாறும்?"

"மூட்டைக்குள்ள அடைச்சு வெச்சா எதுதான் நாறாது? ஆறப்போட்டாச் சரியாப் போகும்" என்றார்.

பழைய பழப்பெட்டிகளில் அதை நிரப்பி, விதை போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக்குத்தான் போவார். கொஞ்சம் முளைத்தது. முளைத்ததும் மஞ்சளாகி, இலை ஓரம் நெருப்பில் காட்டினதுபோல் கருகி, ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. மண்ணின் மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகப் படர்ந்தது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். பெட்டியை நிழலுக்கு மாற்றினார், வெயிலுக்கு மாற்றினார். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

"என்ற கைதான் செரியில்லை" என்றார் ஒருநாள். "நான் பர்மனென்ட் ஆன மில்லு மூடிப்போச்சு. நான் தொட்ட நாத்து கருகிப்போச்சு. திருப்பூருக்கே போயர்றேன்."

"எரு போட்ட நாத்து நல்லாத்தானுங்க வந்துச்சு?"

"அது என்னமோ தப்பி வந்திருச்சு."

பெட்டி மேல் எரிச்சலைக் காட்டுவதா, அவர் மேல் காட்டுவதா என்று தெரியாமல், செத்த நாற்றுகளைப் பிடுங்கி எறிய உட்கார்ந்தேன். விரலில் சுருக்கென்றது. கண்ணாடித் துண்டு. கிளறினேன். உடைந்த வளையல், பேனா மூடி, ஷாம்பு பாக்கெட்டின் மூலை, அரை பிளேடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைத்தானே எங்கள் தெருமுனையில் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன்! காலி மூட்டையை உதறி விரித்தேன். பெரிய எழுத்துக்கு மேலே, எறும்பு ஊர்ந்தாற்போல் சின்னதாக ஒரு வார்த்தை இருந்தது. நகர. நகரக் குப்பை உரம்.

ஐயோ என்று இருந்தது. ஒரு வார்த்தையை நம்பி வாங்கிவந்த மனுஷனிடம், அது உங்கள் குப்பை இல்லை, என் குப்பை என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும், குப்பை எது என்றுகூடத் தெரியாதவனாகிவிட்டேனே என்று இன்னும் உடைந்துபோவார். கைதான் சரியில்லை என்று மனதில் விழுந்துவிட்டதைப் பேச்சால் எடுக்க முடியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

கோவிந்தராஜுலு கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாக் குப்பை உரமும் கெட்டதில்லீங்க அம்மணி. இது அரைகொறையா மக்கினது, சலிக்கவும் இல்லை. மூட்டை மேல எழுதினதப் பாத்து வாங்காதீங்க. மூட்டைக்குள்ள கைய உட்டுப் பாத்து வாங்குங்க" என்று சொல்லி, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த தென்னை நார்த்தூள் உரம் இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துவந்தேன்.

மூன்று கொட்டாங்குச்சியை எடுத்துக் கண்ணில் ஓட்டை போட்டேன். ஒன்றில் அந்த மூட்டை உரம். ஒன்றில் அக்கா கொட்டகையில் மிச்சம் கிடந்த எரு. ஒன்றில் நார்த்தூள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து வெந்தயத்தை எடுத்துக்கொண்டு இவர் முன்னால் போய் நின்றேன்.

"வெந்தயக்கீரை போடலாமுன்னு இருக்கறனுங்க. போட்டுக் குடுங்க."

"நீயே போடு. நான் தொட்டா மொளைக்காது."

"திருப்பூர் போறவரைக்கும் இந்த ஊட்டுல வெதை போடறது நீங்கதானுங்க. போடோணும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

வேண்டாவெறுப்பாகப் போட்டார். மூன்றுக்கும் ஒரே பூவாளியில் அவரையே தண்ணீர் தெளிக்க வைத்தேன். மூன்றையும் ஒரே திண்டில் ஒரே வெயிலில் வைத்தேன். வெந்தயம் சீக்கிரம் முளைக்கும். ஆனாலும் எனக்குத் தையலில் கவனம் போகவில்லை. யாருக்கோ கை தைக்க வேண்டிய இடத்தில் கழுத்தைத் தைத்து, பிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு காலையில் கொல்லையிலிருந்து, "அம்மணி, இங்க வா" என்று குரல் வந்தது. ஓடினேன். இரண்டு கொட்டாங்குச்சியில் வெந்தயம் விதைத்தோலைத் தள்ளிக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது. மூட்டை உரம் போட்டதில் நாலைந்து மட்டும் எட்டிப் பார்த்து, தலை கருகிச் சாய்ந்திருந்தது.

"மூணுலயும் கை ஒண்ணுதானுங்க. மூட்டைதான் வேற" என்றேன்.

மூட்டையை அவர் முன்னால் விரித்து, அந்தச் சின்ன எழுத்தின் மேல் விரலை வைத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நகரக் குப்பை. நகரம்னா?"

"டவுனுங்க. தெருவுல கூட்டி அள்ளற குப்பைங்க."

அப்படியே குந்திவிட்டார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது. மில் மூடிய நாளில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

"வளையலும் பிளேடும் அள்ளிப் போட்டுட்டு அதுக்குப் பேரு குப்பையா? சாணி எங்கடா? தழை எங்கடா? எங்கப்பன் முதுகு ஒடிய அடிச்சதுக்குப் பேரு குப்பை! குப்பைங்கற பேரயே கெடுத்துப்போட்டானுங்களே!"

காளியாத்தாள் அக்கா பயந்துபோய் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. இத்தனை நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர், இப்போது மூட்டையைத் திட்டுகிறாரே! திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று காப்பி போடப் போனேன்.

அன்றைக்கே இருவரும் கோவிந்தராஜுலு கடைக்குப் போனோம். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விட்டார். ஒரு மூட்டையில் உள்ளே சூடு இருந்தது. "இன்னும் வெந்துட்டு இருக்குதுங்க, வேரச் சுட்டுப்போடும்" என்று ஒதுக்கினார். இன்னொன்றிலிருந்து ஒரு கை அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டார். தண்ணீர் பால் விடாத டீயாட்டம் சிவந்தது. அதுவும் பக்குவப்படவில்லை என்று தள்ளிவிட்டார். மூன்றாவது கறுப்பாக, குளுகுளுவென்று இருந்தது. பிடித்தால் கொழுக்கட்டையாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கிலும் காட்டினார். முதல் மழை விழுந்த மண்ணின் வாசம்.

அதையும் அவர் உடனே நம்பவில்லை. மறுபடியும் கொட்டாங்குச்சியில் வெந்தயம் போட்டு, முளைத்த பிறகுதான் எருவையும் கலந்து பெட்டிகளை நிரப்பினார். சரஸ்வதி பூசை அன்றைக்குப் பூவாளிக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார். நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடியே பூசை கழித்து ரங்கராஜ் அண்ணன் வந்தார். பெட்டிகள் வெறும் கறுப்பாகக் கிடந்தன. விதை போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. இன்னும் ஒரு வாரம் பிந்தி வந்திருக்கக் கூடாதா இந்த அண்ணன்?

"மாசாணம், என்னப்பா சொல்றே? நாளைக்கே ஆள் வேணுங்கறாங்க. நீ வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

இவர் எழுந்துபோய்த் திண்டிலிருந்த கொட்டாங்குச்சியை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னப்பா?"

"வெந்தயமுங்க."

"வெந்தயத்த நம்பியா சம்பளத்த உடறே?"

இவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது.

"கைய நம்பிங்க. இது நல்ல கைதானுங்க" என்றார்.

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டேன். அண்ணன் இருந்து காப்பி குடித்துவிட்டு, போகும்போது இரண்டு தக்காளி நாற்று எனக்கும் எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை சரியாகப் பிடித்தது. நாற்று போய்க்கொண்டே இருந்தது. கார்த்திகையில் மறுபடியும் விதை போட்டோம். தை பிறந்தபோது அவர் பழைய மில் சட்டையை எடுத்துப் போட, பொத்தான் பூட்டவில்லை. பிரித்துத் தைத்துக் கொடு என்று என்னிடம் கொண்டுவந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தேன்.

"குப்பை போட்ட காடாட்டம் ஆயிட்டீங்க" என்றேன்.

அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் குப்பை அம்மணி? உன்ற ஊருதா, என்ற ஊருதா?"