பேசியவர் கையெழுத்து

அகராதி அலுவலகத்தில் அவனுக்குச் 'சீட்டு' என்றே பேர். யார் வாயிலிருந்து நல்ல வாக்கியம் விழுந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை உருவி எழுதிக்கொண்டு, பேசியவரிடமே கையெழுத்தும் வாங்குவது அவன் பிழைப்பு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை இட்டுக்கட்டவும் கூடாது, கேட்டு வாங்கவும் கூடாது என்பது தலைமைப் பதிப்பாசிரியர் போட்ட சட்டம்.

அன்று நாலு மணிக்கு 'எ' அச்சுக்குப் போகிறது. 'எரிச்சல்' என்ற சொல்லுக்கு உடம்பு எரிகிற பொருளில் சீட்டு இருந்தது. காவலாளி தன் வயிற்றையே தானம் செய்திருந்தார். மனசு எரிகிற பொருளுக்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை.

"நாலுக்குள்ள கொண்டு வந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா உன் சீட்டு கிழியும்," என்று தலைவர் புன்னகை மாறாமல் சொல்லியிருந்தார். அந்த மனிதர் கோபப்பட்டு ஈ எறும்புகூடப் பார்த்ததில்லை.

கேட்கத்தானே கூடாது? சீட்டு வம்புக்கு இழுக்கக் கிளம்பினான். மெய்ப்புப் பார்க்கும் அக்காவின் காதருகே பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டே நின்றான்.

"கடுப்பேத்தாதடா தம்பி."

"இன்னும் கொஞ்சம் மனசு விட்டுத் திட்டுங்கக்கா."

"செம கடுப்பேத்தாதடா."

ஓட்டுநர் அண்ணனின் வண்டிச் சாவியை ஒளித்துவைத்தான். அவருக்கும் கடுப்புதான் வந்தது. மனைவிக்குப் போன் போட்டு, இன்று என்ன கிழமை என்று மூன்று தடவை கேட்டான். "கடுப்பா இருக்கு, வை போன!" அவள் கையெழுத்தை ராத்திரி வாங்கிக்கொள்ளலாம். மூன்றரைக்குள் பதினொரு சீட்டு, பதினொன்றும் கடுப்பு.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பதினொன்றையும் கட்டாகத் தலைவரிடம் நீட்டினான். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதெல்லாம் 'க'வுலல்ல வரும்?"

"ஆமாங்கய்யா."

"பதினொண்ணுமா?"

"பின்பக்கமும் ஒரு தடவ பாத்துடுங்கய்யா."

பதினொன்றையும் திருப்பிப் பார்த்தார். வெறுமை.

"எதுக்குய்யா பாக்கச் சொன்னே?"

"ஒரு நம்பிக்கைதாங்கய்யா."

"சே! உன்னப் பாத்தாலே எரிச்சலா வருதுய்யா!"

மெய்ப்பு அக்கா தலையைத் தூக்கினாள். சீட்டு பன்னிரண்டாவதை உருவி, 'சே'யைக்கூட விடாமல் எழுதி, பேனாவோடு பணிவாக நீட்டினான். தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா? தலைவர் கையெழுத்துப் போட்டார். 'சூழல்' என்ற கட்டத்தை மட்டும் தன் கையாலேயே நிரப்பினார்: "காரணம் எதிரில் நிற்கிறது."

பிறகு பதினொரு கடுப்புக்கும் ரப்பர் பேண்டு மாட்டி அவன் பக்கம் தள்ளினார்.

"'க' வர ரெண்டு வருஷமாகும். அதுவரைக்கும் தொலைச்சிடாம வச்சிரு."