வெள்ளிக்கிழமை மட்டும் ஏறிய சர்க்கரை

கிள்ளான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பக்கிரிசாமி, அதாவது நான், வாயைத் திறந்தால் கேட் வரைக்கும் கேட்கும் என்று. லோரி ஓட்டுகிறவனுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைக்க முடியுமா? ஆனால் இது என் மனைவி வீரம்மாவின் கதை. அதனால் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலேயே வந்துவிட்டது. அதனால் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தோம். எண்பத்தெட்டில் அவள் மறுபடியும் உண்டானபோது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், தினமும் சர்க்கரையைப் பார்த்து ஊசி போட்டால்தான் இந்தப் பிள்ளை தங்கும் என்று. வீட்டிலேயே இரத்தம் பார்க்கிற மிஷின் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதைக் கடையில் விற்க விடலாமா என்று அரசாங்கம் முடிவு செய்வதற்கு முன்னால், சோதனைக்காகச் சில நோயாளிகளிடம் கொடுத்தார்கள். வீரம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்தால் எண் வரும், எண்ணுக்கு ஏற்ற அளவு இன்சுலின் ஊசி. எங்கள் மருத்துவமனைக் கணக்கில் வழக்கமாக ஏழோ எட்டோ காட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள். பதினேழு காட்டியது. டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஊசியைக் கூட்டிப் போட்டாள். சற்று நேரத்தில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சரிந்து விழுந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுவாரம் கிளினிக்கில் நர்ஸ் லெட்சுமி மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, மிஷின் தப்பா காட்டுதுன்னு கே.எல்.லுக்கு ரிப்போர்ட் போயிருச்சு. அங்க மிஷினுக்கு அனுமதி குடுக்கிற ஆபீசுல சிவசம்புன்னு ஒரு அதிகாரி. எல்லா மிஷினையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷின் போனால் மறுபடியும் பழைய கதைதான், மூன்றாவது பிள்ளையும் போகும். லோரியை நேராகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு விட்டு, அவர் அலுவலகத்தின் வாசலை மறித்து நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கத்தினேன். சிவசம்பு ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர். நான் கத்தி முடிக்கும்வரை பேனாவை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"இருங்கோ. உங்கட லோரிக்கு ஒருநாள் பிரேக் பிடிக்கேல்லை எண்டால், அடுத்த நாள் எடுத்து ஓட்டுவியளோ?"

"ஓட்ட மாட்டேன் சார். அதுக்காக லோரிய கடல்ல தள்ளிவிடவும் மாட்டேன். கீழ படுத்து எங்க கோளாறுன்னு பார்ப்பேன்."

அவர் மேசையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எனக்கும் ஒண்டு விளங்கேல்லை. உங்கட மனுசிக்கு மட்டுமில்லை, இன்னும் நாலஞ்சு பேருக்கும் வெள்ளிக்கிழமையிலதான் எண் பிழையாக் காட்டுது. மிஷினுக்குக் கிழமை தெரியுமோ? சரி, வாற வெள்ளி நானும் வந்து கீழ படுத்துப் பாக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரும் மிஷினைத் திருப்பித் தர வேண்டாம். எண் கூடினால் ஊசியைக் கூட்டாமல் மிஸ்ஸியைக் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னபடி வந்தார். எங்களோடு கோயிலுக்கும் வந்தார். பூசை முடிந்து ஐயர் பஞ்சாமிர்தம் கொடுத்தார். இனிப்பு ஆகாது என்று சாமி பிரசாதத்தை மறுக்க முடியுமா? வீரம்மா கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கொடுத்தாள். விரலில் ஒட்டியதைத் தலைமுடியில் தடவிக்கொண்டாள். பிரசாதம் பட்ட கையைக் கழுவிச் சாக்கடையில் விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம், நானும் அப்படித்தான் செய்தேன்.

வீட்டுக்கு வந்து விரலில் குத்தினாள். பதினாறு. சிவசம்பு எண்ணைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்தார்.

"சோப்புப் போட்டுக் கையைக் கழுவிப்போட்டு, இன்னொருக்காப் பாருங்கோ."

கழுவிவிட்டு வந்து குத்தினாள். ஏழு.

 கண்ணுக்குத் தெரியாத பிரசாதப் பிசுக்கை இரத்தத்துச் சர்க்கரை என்று நம்பி ஊசி போட்டிருக்கிறோம். சிவசம்பு விடவில்லை, எனக்குக் கிடைத்ததில் மிச்சமாக இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்த பஞ்சாமிர்தத்தில் கொஞ்சம் எடுத்துத் தன் விரலில் தடவித் துடைத்துவிட்டுக் குத்திக்கொண்டார். இனிப்பு நீரே இல்லாத மனிதருக்கு மிஷின் இருபது காட்டியது. முதல்முறையாகச் சிரித்தார்.

"மிஷினோட வந்த தாள்ல இங்கிலீசில எழுதிக் கிடக்கு, சுத்தமான கையால குத்த வேணுமெண்டு."

"என் கை சுத்தமாத்தான் சார் இருந்துச்சு," என்றாள் வீரம்மா. "பிரசாதம் பட்ட கைய யாரு அழுக்குன்னு சொல்லுவா? இனிப்பு தொட்டா கழுவணும், பிரசாதமா இருந்தாலும் கழுவணும், அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்துங்கன்னு எழுதுங்க. எங்க ஆளுங்க கேப்பாங்க."

 என் பொண்டாட்டி ஓர் அதிகாரிக்குச் சட்டம் சொல்கிறாள், அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொள்கிறார்.

சிவசம்பு மிஷினைத் தடுக்கவில்லை, சும்மா விடவும் இல்லை. கைகழுவும் விதியை மலாய், சீனம், தமிழ், இங்கிலீஷ் நான்கிலும் பெட்டியில் போட்டால்தான் விற்கலாம் என்றார். ஒரே இரத்தத்துக்கு ஒரு கம்பெனி மிஷின் ஏழு என்றும் இன்னொன்று அமெரிக்கக் கணக்கில் நூற்றிருபத்தாறு என்றும் காட்டினால் நோயாளி எதை நம்பி ஊசி போடுவார்? எல்லா மிஷினும் மருத்துவமனைக் கணக்கில்தான் காட்ட வேண்டும் என்றார். கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்படிப் புதுப் பெட்டிகள் வரும்வரை சோதனையில் இருந்தவர்களிடம் மட்டும் மிஷின் தங்கியது.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். நல்ல கனம், நல்ல குரல், குரல் என்னுடையது. வார்டு முழுக்க ஜிலேபி கொடுத்துக்கொண்டு வந்தேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு மிஸ்ஸி, பிள்ளைக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று, புதுப் பெட்டியில் வந்த அதே மிஷினோடு வந்தாள். பிள்ளை உதைத்தது. நான் பாய்ந்து, அவள் குத்தப்போன குதிகாலைப் பிடித்தேன்.

"அங்கிள், கைய எடுங்க." என்னையே அதட்டினாள். "இனிப்பு தொட்டா கழுவணும், பிரசாதமா இருந்தாலும் கழுவணும். தண்ணிய வேணும்னா செடிக்கு ஊத்துங்க. பெட்டியிலயே போட்டிருக்கு, படிக்கலையா? இப்ப பிள்ள காலையும் கழுவணும்."

நான் கட்டிலைப் பார்த்தேன். வீரம்மா தையல் வலியோடு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "போய்க் கழுவிட்டு வாங்க," என்றாள்.

போனேன். குழாயடி வரைக்கும் எதிரே வந்தவர் எல்லோரையும் நிறுத்தி, அந்தச் சட்டத்தைச் சொன்னது என் பொண்டாட்டி என்று சொல்லிக்கொண்டே போனேன்.