குபாத்பெக்கின் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்

ஓடத் தெரிந்தவன் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஓடத் தெரியாதவன்தான் கழகம் ஆரம்பிப்பான். பிஷ்கெக் நகரில் தரை ஓடு விற்கும் குபாத்பெக் ஆரம்பித்த கழகத்துக்குப் பனிச்சிறுத்தை என்று பெயர். முப்பத்தெட்டு உறுப்பினர்கள். அந்த முப்பத்தெட்டுப் பேரையும் ஒரு நிஜச் சிறுத்தை துரத்தினால்கூட, முதலில் கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டுத்தான் ஓடுவார்கள் என்று கனிஷாய் நினைப்பதுண்டு.

கனிஷாய் அவன் கடையில் சரக்கறைக் கணக்குப் பார்ப்பவள். வயது முப்பத்தாறு. இரண்டு வருடமாக ஓடுகிறாள், அதுவும் உண்மையாக. பனியிலும் சகதியிலும் ஓடி, மூன்று மணி இருபது நிமிடத்துக்குள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை முடிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். இசிக்-குல் ஏரிக்கரையில் மே மாதம் நடக்கும் பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே அந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை, ஆனால் அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை.

மற்றவர்கள் சனிக்கிழமை ஓட்டத்துக்கு வருவார்கள். வந்து அரை மணி நேரம் காலை நீட்டிக் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, எட்டு மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவார்கள். வங்கியில் வேலை பார்க்கும் தாலாந்த் என்பவன் தன் நாடித்துடிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசி அவள் கேட்டதில்லை. "இன்னைக்கு நூத்தி நாப்பத்தி ரெண்ட தாண்டவே இல்ல அக்கா" என்பான். நடந்தால் எப்படியடா தாண்டும் என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் வினை குபாத்பெக்கின் வாயில் இருந்தது. குளிர்காலத்தில் ஒரு விருந்தில், நாலு கோப்பை உள்ளே போனதும், சம்பந்தி எசென்குல்லிடம் சவால் விட்டுவிட்டான்.

"மூன்றரை மணி நேரம், சம்பந்தி. ஒரு நிமிஷம் கூடினாலும் என்னை மனுஷன்னு சொல்லாதீங்க."

எசென்குல் குதிரை வளர்ப்பவர். ஓடுவதற்குக் குதிரை இருக்கும்போது மனுஷன் எதற்கு ஓட வேண்டும் என்ற கட்சி. மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மனுஷன் இல்லன்னெல்லாம் சொல்ல மாட்டேன் சம்பந்தி. முடியலேன்னா மருமகப் பொண்ணு மாதிரி தலையில துணியக் கட்டிக்கிட்டு, வந்தவங்களுக்கெல்லாம் டீ ஊத்துங்க. போதும்."

"ஊத்துறேன்!"

"கொஞ்சங்கொஞ்சமா ஊத்தணும். கோப்பைய நெறைய ஊத்துனா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தமாயிரும். மருமக வேலைன்னா லேசுன்னு நெனச்சிராதீங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி வீட்டில் சிரிப்புக்கு ஆளானவன் ஊரில் தலைநிமிர முடியாது. குபாத்பெக்கின் முந்தைய வருட நேரமோ நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு அவளைச் சரக்கறையில் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, நீ எப்படியும் ஓடப்போற. நேரம் பதியற என் சிப்பையும் ஒரு கால்ல கட்டிக்க. நான் தொடக்கத்துல எல்லாரோடயும் நிப்பேன். கடைசித் திருப்பத்துல, பாப்ளர் மரத்துக்கிட்ட காத்திருப்பேன். கழட்டிக் குடுத்துரு. முடிவுக் கோட்ட நானே தாண்டிக்கறேன்."

"நடுவுல என்னண்ணே செய்வீங்க?"

"விடுதியில நீராவிக் குளியல் இருக்குல்ல." கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "யாருக்கு என்ன நஷ்டம்? உன் கால்ல ரெண்டு கிராம் எடை கூடும். அவ்வளவுதான?"

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னு சொல்லு, யார் தடுத்தா? ஆனா சனிக்கிழமை கடையில கூட்டம் ஜாஸ்தியாகுது. இனிமே உனக்கு லீவு குடுக்க முடியாதேன்னுதான் யோசிக்கறேன்."

சனிக்கிழமை நீண்ட ஓட்டத்தின் நாள். அது இல்லாவிட்டால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாவிட்டால் அந்த நேரம் இல்லை. அவள் சிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவனை நினைத்ததைவிடத் தன்னை நினைத்துத்தான் அவளுக்குக் கசந்தது.

பந்தயக் காலையில் ஏரி அமைதியாக இருந்தது. மனிதர்கள் அமைதியாக இல்லை. அறுநூறு பேரில் ஐந்நூறு பேர் ஏற்கெனவே வென்றுவிட்ட முகத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குபாத்பெக் நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, புத்தம்புது வெள்ளைக் காலணியில் குதித்துக்கொண்டிருந்தான். தடுப்புக்கு அப்பால் எசென்குல் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, டீ கொதிக்கும் சமோவாரையே கொண்டுவந்து இறக்கியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு பூப்போட்ட தலைத்துணியை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

நேரக் கணக்குப் பார்க்கும் ஸோயா பெத்ரோவ்னா ஒலிபெருக்கியை வாங்கினாள். எழுபது வயது. ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடியவள். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேரைப் பார்த்தாலே அவள் உதடு கோணும்.

"போன வருஷம் ஒருத்தர் சிப்ப இன்னொருத்தர் தூக்கிட்டு ஓடினீங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சீங்களா? இந்த வருஷம் சாலையில சிப்ப பதியற ஒவ்வொரு விரிப்பையும் பாப்பேன். பத்து, இருபத்தொண்ணு, முப்பது, நாப்பது, அப்பறம் கோடு. ரெண்டு சிப்பு மூணு விரிப்புல ஒரே செகண்டுல வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் பட்டியல்லேர்ந்து அடிச்சிருவேன். அழுதாலும் சேத்துக்க மாட்டேன்."

கனிஷாய் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டு கணுக்காலிலும் சிப்பு இருந்தது, ஒன்று கறுப்புப் பட்டையில், ஒன்று சிவப்புப் பட்டையில். குபாத்பெக்கைத் தேடினாள். அவன் சம்பந்தியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் ஒலிபெருக்கியா விழும்? துப்பாக்கி வெடித்தது.

முந்நூறு மீட்டர் வரை குபாத்பெக் மான் மாதிரி ஓடினான். விடுதி வாசல் வந்ததும் காலணிக் கயிறு கட்டுகிறவன் மாதிரி குனிந்தான். அப்புறம் காணவில்லை.

பத்தாவது கிலோமீட்டரில் விரிப்பு இரண்டு முறை கூவியது. ஒன்று அவளுக்கு, ஒன்று நீராவியில் வெந்துகொண்டிருந்தவனுக்கு. இருபத்தொன்றிலும் இரண்டு கூவல். ஒரு மணி முப்பத்தொன்பது நிமிடம், நினைத்தபடியே. கால் சொன்னபடி கேட்டது, மூச்சு சீராக இருந்தது. இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? இப்படி ஒரு நாளில், முப்பதாவது கிலோமீட்டரில் மூன்றாவது இரட்டைக் கூவல் காத்திருந்தது. அதோடு பெயர் போகும்.

சிவப்புப் பட்டையைக் கழற்றி ஏரியில் எறியலாம். வேலை போகும். கழற்றாவிட்டால் இரண்டு வருடம் போகும். ஏழு கிலோமீட்டர் இதையே மென்றுகொண்டு ஓடினாள். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்தப் பட்டை கனத்துக்கொண்டே வந்தது. ரெண்டு கிராமாம்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரில் தாலாந்த். தலைதெறிக்க ஆரம்பித்து அவளையும் முந்திப் போனவன், இப்போது இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா! நூத்தி தொண்ணூத்தி ஒண்ணு போயிருச்சு அக்கா!"

அந்த நிலையிலும் கடிகாரத்தைத்தான் காட்டினான். செவிலிப் பெண் அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தப் போனாள்.

கனிஷாய் நின்றாள். நான்கு வினாடிதான். குனிந்து சிவப்புப் பட்டையை உரித்தாள்.

"இது எங்க கழகத் தலைவரோடது. கூடாரத்துக்கிட்ட இருப்பாரு, குடுத்துரும்மா."

செவிலி எதுவும் கேட்காமல் அதை வாங்கித் தாலாந்தின் இடுப்புப் பைக்குள் திணித்தாள். மருத்துவக் கூடாரம் முடிவுக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. ஏரிக்கரையில் ஒரே சாலை. ஆம்புலன்ஸ் எதன் மேலெல்லாம் ஏறிப் போகும் என்று கனிஷாய்க்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது அலறிக்கொண்டு அவளைக் கடந்து முப்பதாவது விரிப்பின் மேல் ஏறிப் போனபோது, மூச்சு தப்பும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நூறு மீட்டர் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். பின்னால் அவள் அதே விரிப்பை மிதித்தபோது ஒற்றைக் கூவல். அதைவிட இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

பாப்ளர் மரத்தடியில் குபாத்பெக் நின்றிருந்தான், முகம் வெந்த பீட்ரூட் நிறத்தில். ஒரு புட்டித் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் கவிழ்த்திருந்தான். கையை நீட்டினான்.

"சிப்பு! சீக்கிரம்!"

"அது முன்னாடியே போயிருச்சுண்ணே!"

"போயிருச்சா? எங்க?"

"கோட்டுக்கு!"

அவள் நிற்கவில்லை. அவன் ஒரு வினாடி யோசித்தான். வேறு யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறாள், புத்திசாலிப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவனும் ஓட ஆரம்பித்தான். ஐந்நூறு மீட்டர். அதையும் அவனால் ஒரேயடியாக ஓட முடியவில்லை, நடுவில் இரண்டு தடவை நடந்தான். கனிஷாய் மூன்று மணி பத்தொன்பது நிமிடம் எட்டு வினாடியில் கோட்டைத் தாண்டி, முழங்காலில் கைவைத்துக் குனிந்து அழுதாள். அவன் மூன்று மணி இருபத்திரண்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். எசென்குல்லின் தொலைபேசி அதைப் படம் பிடித்தது. அவர் மனைவி தலைத்துணியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பரிசளிப்பை வயதில் மூத்தவர்களில் இருந்து தொடங்கினார்கள். அறிவிப்பாளன் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தான்.

"ஐம்பது வயதுக்கு மேல், ஆண்கள், முதலிடம்! பனிச்சிறுத்தை கழகத் தலைவர் குபாத்பெக்! இரண்டு மணி முப்பது நிமிடம் பதினொரு வினாடி!"

பனிச்சிறுத்தைகள் அத்தனையும் கத்தின. ஒரு ஆள்கூட, ஒரே ஒரு ஆள்கூட, அது எப்படி முடியும் என்று கேட்கவில்லை. தலைவனைத் தூக்காத குறையாக மேடைக்குத் தள்ளினார்கள். குபாத்பெக் முதலில் திருதிருவென்று விழித்தான். தோளில் கம்பளி அங்கியைப் போர்த்தி, கழுத்தில் பதக்கத்தை மாட்டியதும் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஒலிபெருக்கி கைக்கு வந்தபோது அவனே நம்பிவிட்டான்.

"எல்லாரும் கேக்கறீங்க, இந்த வயசுல எப்படின்னு. ஒண்ணுமில்ல, ஒழுக்கம். கடைசிப் பன்னெண்டு கிலோமீட்டர்தான் மனுஷன யாருன்னு காட்டும்..."

"இருங்க சம்பந்தி" என்று கீழேயிருந்து எசென்குல் குரல் கொடுத்தார். தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். "நீங்க வந்தத நான் படம் புடிச்சிருக்கேன். மேல கடிகாரம் தெரியுது. மூணு இருபத்திரண்டு. ரெண்டரைக்கு வந்தவர் அப்பறம் எங்க போயிட்டுத் திரும்பி வந்தீங்க?"

குபாத்பெக் வாயைத் திறந்தான். அதற்குள் ஸோயா பெத்ரோவ்னா கையில் தாளோடு மேடையேறிவிட்டாள்.

"கடைசிப் பன்னெண்டு கிலோமீட்டர் மனுஷன யாருன்னு காட்டும்னு சொன்னீங்களே, ரொம்பச் சரி." கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "நீங்க அத பதினோரு நிமிஷத்துல ஓடியிருக்கீங்க. பக்கத்துலயே, மூணு விரிப்புலயும் அதே செகண்டுல, தாலாந்துன்னு ஒரு தம்பியும் ஓடி வந்திருக்காரு. அவருக்கு இப்ப கூடாரத்துல குளுக்கோஸ் ஏறுது. ரெண்டு பேரையும் அடிச்சிட்டேன். அங்கியக் கழட்டுங்க."

இந்த முறை சிரிக்காமல் இருந்தது ஏரி மட்டும்தான். எசென்குல் சிரிக்கவில்லை என்பது போல நின்றார், ஆனால் மீசை ஆடியது.

"சம்பந்தி" என்றார், மிக மரியாதையாக. "தண்ணி கொதிக்குது."

இறங்கி வந்த ஸோயா கனிஷாயின் முன் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பத்துலயும் இருபத்தொண்ணுலயும் உன்னோட ஒரே செகண்டுல வந்தது யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவ. மூணுன்னாதான் அடிக்கணும்னு நானே சொல்லித் தொலைச்சிட்டேன். உன் பேரு நிக்கும். ஆனா நீயும் பெரிய யோக்கியமில்ல. புரியுதா?"

"புரியுதும்மா" என்றாள் கனிஷாய். புரிந்தது. மூன்று நாளாகவே புரிந்திருந்தது.

புல்லில் கம்பளம் விரித்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளைக் குவித்து, எல்லாரும் உட்கார்ந்தார்கள். "ஓடுனது நீதானேம்மா, மேல வந்து உக்காரு" என்று எசென்குல் அவளைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பனிச்சிறுத்தைகள் சுற்றி நின்று படமெடுத்தன. படம் எடுப்பதில் அவர்களுக்கு இணை இல்லை. பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கழகத் தலைவர் மண்டியிட்டு டீ ஊற்றினார். எசென்குல்லுக்கு ஒரு வாய். அவர் மனைவிக்கு ஒரு வாய். முறை தவறவில்லை.

கனிஷாயின் முறை வந்தது. குபாத்பெக் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே ஊற்றினான். கோப்பை பாதி நிறைந்தது, முக்கால் நிறைந்தது, விளிம்பு தொட்டுத் தட்டில் வழிந்தது.

எசென்குல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கனிஷாய் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"திங்கக்கிழமை கடைக்கு வர வேண்டாம்" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரிண்ணே. சனிக்கிழமையும் வரல."

டீ சூடாக இருந்தது. அவசரப்படாமல், ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்து, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, முடிவுப் பட்டியல் ஒட்டியிருந்த பலகையைப் பார்க்கப் போனாள்.