ஸ்வீட்டி அக்கா, செடி பிழைச்சுதா?

பால் பொங்குவதற்குள் அணைத்தாயிற்று, டீத்தூள் போட்டாயிற்று, சர்க்கரை மேல்தட்டில், எட்டி எடுத்து ஒரு கரண்டி, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டு வாளி, முகம் துடைத்த துண்டை ஜன்னல் கிரில்லில் போட வேண்டும், போட்டான், ரொட்டியைச் சுட்டான், ஒரு பக்கம் கருகியது, கருகிய பக்கத்தைக் கீழே வைத்துத் தின்றான், ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் ஞாயிற்றுக்கிழமையும் ரிக்‌ஷாக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்… வேறு என்ன, ஒன்றுமில்லை, தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் காலை முடிந்துவிடும், அப்புறம் நாள் மட்டும் பாக்கி இருக்கும், அதற்குத்தான் இந்த வேலை. ஸ்டெர்லின் லேப்டாப்பைத் திறந்தான். வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. இணையத்தில் எங்காவது ஒரு சின்னக் குழு, சில நூறு பேர் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கும் இடம், திடீரென்று ஊரே அதற்குள் வந்து விழுந்தால், அதை நடத்துகிறவர் கையைப் பிசைந்துகொண்டு ஆள் கேட்பார், உதவிக்கென்று பெயர் கொடுத்து வைத்திருக்கும் மாடரேட்டர்களில் இரண்டொருவர் போய் இறங்குவார்கள், வசவை நீக்குவார்கள், சண்டை முற்றிய இடங்களைப் பூட்டுவார்கள், கூட்டம் வடிந்ததும் வெளியே வந்துவிடுவார்கள், நீங்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. மனைவி ஸ்வீட்டி இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது, இன்னும் யாராவது வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னால் இந்த வயதிலா என்பார்கள், பின்னே எந்த வயதில் என்று கேட்கத் தோன்றும், கேட்கமாட்டான்.

இந்த முறை வந்த அழைப்பு ஒரு ஜன்னல் தோட்டக் குழுவிடமிருந்து. மும்பைத் தமிழர்கள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கிரில் கூண்டுக்குள் தொட்டி வைத்துச் செடி வளர்க்கிறவர்கள், மண் கலப்பது எப்படி, மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பது, இவ்வளவுதான் பேச்சு. நேற்று வரை. நேற்று சுனாபட்டியில் யாரோ ஒருவர் ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார், மாடி வீட்டுப் பெண் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், அது வழிந்து கீழ் வீட்டு கிரில்லில் காயும் வற்றலில் விழுகிறது, கீழ் வீட்டுக்காரி தலையை வெளியே நீட்டி, “எக்கா, ஒங்க ரோசாவுக்கு ஊத்துற தண்ணி எங்க வத்தல்ல விழுதுக்கா,” என்கிறாள், மேலேயிருந்து பதில் வருகிறது, “விழட்டும்ட்டீ, வத்தலும் கொஞ்சம் வளரட்டும்.” அவ்வளவுதான். ஊர் இரண்டாகிவிட்டது. வற்றல் கட்சி, ரோஜா கட்சி. வீடியோ இந்தக் குழுவில்தான் முதலில் வந்தது என்று தெரிந்ததும் இரண்டு கட்சியும் இங்கே வந்து கூடாரம் போட்டுவிட்டன, முதலில் சிரிப்பு, பிறகு கிண்டல், பிறகு சாதி, பிறகு அம்மா, அக்கா… எப்போதும் இதே வரிசைதான், எந்தக் குழுவானாலும்.

குழுவை நடத்தும் ஷ்யாமளா மாட்டுங்காவில் இருக்கிறார், வங்கி உத்தியோகம், ஐம்பது வயதுக் குரல். கூட உதவிக்கு வந்திருக்கும் இன்னொரு ஆள் ஃபர்ஸானா, கோவண்டிக்காரி, இருவரையும் அவன் நேரில் பார்த்ததில்லை, மூன்று பேரும் ஒரே போன் அழைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், போன் மேசையில் பேசிக்கொண்டே இருக்கிறது. “ஸ்டெர்லின், இருக்கேளா? எனக்குத் தலை சுத்தறது. செம்பருத்தி ஏன் மொட்டு உதிர்க்கறதுன்னு பேசிண்டிருந்த இடம் இது. இப்போ பாருங்கோ, சந்தைக்கடை.” இருக்கேன் மேடம், என்றான். ஃபர்ஸானா சிரித்தாள். “பயப்படாதீங்கக்கா, ரெண்டு நாள் கூத்து. நாளைக்கு வேற எவனாவது எங்கயாவது வழுக்கி விழுவான், எல்லாப் பயலுவளும் அங்க ஓடிருவானுவ.” “அதுவரைக்கும் என் ரத்த அழுத்தம் தாங்கணுமே.” “மாத்திரையப் போட்டீங்களா?” “போட்டுண்டாச்சு.” “அப்ப இன்னொரு காப்பியும் போடுங்க.” பெண்கள் எவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறார்கள், ஸ்வீட்டியும் அப்படித்தான், ரயிலில் குர்லாவில் ஏறினவளோடு தாதரில் இறங்குவதற்குள் அவள் மாமியார் கதை வரை… சரி, வரிசையைப் பார். புகார் வந்த கருத்துகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான், இருக்கட்டும் அல்லது நீக்கு. நீக்கு. நீக்கு. இருக்கட்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, விரல் யோசித்துக்கொள்ளும். நீக்கு. இருக்கட்டும். ஒரு பழைய கருத்து, மூன்று வருடம் பழையது, இதை எதற்குப் புகார் செய்கிறார்கள், யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள், பெயர் ஸ்வீட்டி.

மும்பையில் எத்தனையோ ஸ்வீட்டி. பக்கத்தில் சின்னதாக ஒரு படம், ஒரு கிரில், தொட்டிகள், ஓரத்தில் காயும் பச்சைத் துண்டு. படத்தைப் பெரிதாக்கினான். துண்டின் மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை. அவன் சுட்டது. அவள் இந்தக் குழுவில் இருந்தாளா, அவனுக்கு எப்படித் தெரியும், போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பாள், என்ன என்றால் ஒண்ணுமில்ல என்பாள், ஒண்ணுமில்ல என்றால் இதுவா… உடனே படிக்கவில்லை. உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டான். அவள் அவனுக்கு அனுப்பிய செய்திகளை எல்லாம் எத்தனையோ முறை படித்தாகிவிட்டது, தயிர் வாங்கிட்டு வா, ரீச் ஆயிட்டியா, ஏன் எடுக்கல, எது எதற்குப் பிறகு வரும் என்று மனப்பாடம், அதில் இனி புதிதாக ஒரு சொல் ஊறாது. இது புதுசு. இதை ஒரு முறைதான் முதல் முறையாகப் படிக்க முடியும். கையை ஒரு வரி கீழே இறக்கினான். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், அவள் எப்போதும் அப்படித்தான், குரலும் அப்படியே. ‘எங்க வீட்டுக்காரர் தண்ணி ஊத்த மறக்கிற ஆளுன்னாகூடப் பரவாயில்ல.’ இன்னொரு வரி. ‘இவரு ஊத்தினத மறந்துட்டு மறுபடியும் ஊத்துற ஆளு. காலையில நான் ஊத்துவேன், நான் குளிக்கப் போனதும் இவரு ஊத்துவாரு, ஆபீசுக்குப் போகும்போது ஐயோ காஞ்சி கெடக்கேன்னு இன்னொரு செம்பு.’ கை நின்றது. அது தெரியுமா அவளுக்கு? ஒரு நாளும் சொன்னதில்லையே, அழுகிப்போன கற்றாழையைத் தூக்கிப் போடும்போது வெயில் பத்தல என்றுதானே சொன்னாள்… இறக்கினான். ‘ரெண்டு கத்தாழை போச்சு. இவ்வளவு பாசத்தையும் தாங்குற செடி ஏதாவது இருந்தா சொல்லுங்க.’

கீழே அந்த நாளையப் பதில்கள். புருஷனை மாத்திப் பாருங்க என்று ஒருவர், அதற்கு அவள், ‘முடியாது, வேரு விட்டுட்டு.’ சேம்பு வைங்க, தண்ணியில நின்னாலும் சாகாது என்று இன்னொருவர், அதற்கு, ‘நாளைக்கே வாங்கிருதேன்.’ வாங்கினாள். ஆமாம், வாங்கினாள், யானைக்காது மாதிரி இலை, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் தட்டினாள், இது ஒனக்கு, நீயே ஊத்து, வேற எதையும் தொடாத என்றாள், ஏதோ வேலையைத் தன் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தான், முகத்தைக்கூடச் சுளித்தான், இப்போது அந்தச் சேம்பு எங்கே, தொட்டிகளை எல்லாம் மச்சினன் கோவண்டிக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான், அதோடு போயிருக்கும். அவள் பேச்சு அங்கே முடிந்தது. அதற்குக் கீழே நேற்று ராத்திரியிலிருந்து வந்த புதுக் கூட்டம். குற்றவாளி கிடைச்சாச்சு மக்களே, அந்த வத்தல் தண்ணி இந்த ஆள் ஊத்தினதுதான். ஒரு கட்சி அவனைத் தூக்கிலிடச் சொன்னது, ஒரு கட்சி மாலை போட்டது. அதோடு நின்றிருந்தால் சரி. ஸ்வீட்டி அக்கா, செடி பிழைச்சுதா? ஸ்வீட்டி அக்கா, இப்ப என்ன செடி வச்சிருக்கீங்க? யக்கா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அக்கா ஆன்லைன்ல இல்லையா? எழுப்பி விடுங்கப்பா. பக்கத்தைப் புதுப்பித்தான், இன்னும் வந்திருந்தது. மறுபடியும் புதுப்பித்தான். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, தாராவியில் அம்மாகூட ‘அது’ நடந்தப்போ என்றுதான் சொல்வாள், இங்கே நூற்றுக்கணக்கான பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல. நடுநடுவே கெட்ட வார்த்தையும் வந்தது. அதை மட்டும் பொறுக்கி நீக்கினான். நீக்க நீக்க வந்தது. இப்படி ஆனால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும், வேறு எந்த இடமாக இருந்தாலும் இதற்குள் எடுத்திருப்பான். இன்னொரு வழக்கமும் உண்டு, தனக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்டதைத் தான் தொடக்கூடாது, அடுத்த ஆளிடம் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் ஃபர்ஸானா கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டால் இத்தனை பேரும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்… இந்த ஒரு இடத்தில்தான் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனிலிருந்து ஷ்யாமளா பேசினார். “அந்த ஸ்வீட்டின்னு ஒரு பொண்ணு போட்டதுல எல்லாரும் ரொம்ப அசிங்கம் பண்றாளே. பாவம், அது யாரோ. எடுத்துடலாமா?” “அது ஸ்டெர்லின் வரிசையில நிக்குது,” என்றாள் ஃபர்ஸானா. “என்ன ஸ்டெர்லின், பட்டன் தேஞ்சுபோச்சா? நான் எடுக்கட்டா?” வேண்டாம் என்றான். ஏன் என்றாள். மேசை ஓரத்தை விரலால் தேய்த்தான். அது என் வீட்டுக்காரி, என்றான். ஃபர்ஸானா வெடித்துச் சிரித்தாள். “அட அல்லாவே! அப்ப அந்த இன்னொரு செம்பு நீங்கதானா! காலையிலேருந்து குற்றவாளியப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத் தேடிக்கிட்டு இருக்கோம்!” ஷ்யாமளாவும் சிரித்துவிட்டார். “அப்போ ஆத்துக்காரியையே கூப்பிடுங்கோளேன். அவளே வந்து ரெண்டு வார்த்தை சொன்னா கூட்டம் தானா அடங்கிடும்.” “ஆமா, சொல்லச் சொல்லுங்க. நாங்களும் ஒரு சலாம் போட்டுக்கறோம். மதியம் வரைக்கும் பாப்போம், இல்லேன்னா எடுத்துருவோம்.” இப்போது சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான், சிரிப்பு நிற்கும், மன்னிக்கணும் என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அதற்குப் பிறகு அவன் கையில் இரண்டு பொத்தானும் ஒரு காலி வீடும் இருக்கும். சொல்றேன், என்றான். என்ன சொல்றேன்? யாரிடம்? குளிச்சிட்டிருக்கா என்று வேறு சேர்த்துச் சொன்னான். குளியலறையில் வாளிகள் நிரம்பித் தளும்பாமல் இருந்தன.

அவளுடைய பழைய போன் பீரோவில் இருந்தது, கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும், சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் உள்ளே போய், அவள் பெயரிலேயே பதில் பெட்டியைத் திறந்தான். மேலே சின்ன எழுத்தில் ஸ்வீட்டி இப்போது ஆன்லைனில் என்று வந்தது, உடனே கீழே ஒரு கூச்சல், வந்துட்டாங்க, அக்கா வந்துட்டாங்க. ஆங்கில எழுத்தில் அடித்தான், செடி நல்லா இருக்கு. அழித்தான். அவரு இன்னும் திருந்தல. அழித்தான். அவள் இப்படிச் சொல்லமாட்டாள், இதைவிடச் சுருக்காக, இதைவிடச் சிரிப்பாக… முன்பும் ஒரு முறை அவள் வாயில் அவன் சொல் வைத்திருக்கிறான். மாமியார் ஏஞ்சலம்மாள், அடக்கம் முடிந்த மறுநாள், ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகையில எம்புள்ள கடைசியா என்ன சொல்லிச்சு மாப்ள என்று கேட்டாள், அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா என்றான், சொல்ல வேறு என்ன இருந்தது, அவள் அதைக் கோயிலில் சொன்னாள், ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள், அம்மாவப் பாத்துக்கோன்னுதான் சொல்லிச்சாம் என் தங்கம், இப்போது அது எல்லோருக்கும் நடந்ததாகவே ஆகிவிட்டது, சில ராத்திரி அவனுக்கே அந்தக் குரல்தான் கேட்கிறது, நிஜமானது அதற்கடியில் எங்கோ… பதில் பெட்டியில் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றையும் வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் புதைந்துபோகும். விரலை எடுத்தான். அன்றைக்கு, அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த ஆஸ்பத்திரி நடைவழி, ஈரம், ஸ்ட்ரெச்சர் போகிற வேகம், தள்ளுகிறவர் திருநெல்வேலிக்காரர் என்று அவர் வழிவிடச் சொன்ன விதத்திலேயே காய்ச்சலோடு அவள் கண்டுபிடித்துவிட்டாள், அவன் பின்னால் ஓடினான், பிறகு ஓடவில்லை, குனிந்துவிட்டான், லிஃப்ட் கதவு திறந்து நின்றது, ஐ.சி.யூ.வுக்கு உள்ளே போனதும் வாயில் குழாய், அதற்குமுன் அவள் தலையைத் திருப்பினாள், வீட்டில் பெயர் சொல்லி நீ வா போ என்கிறவள், அந்நியரிடம் மட்டும் அவனுக்கு மரியாதை கொடுப்பவள், அவனைப் பார்த்துக்கொண்டு, ஆனால் அவனிடம் இல்லை, தள்ளுகிறவரிடம், சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க. அவுக செருப்பு கழண்டுட்டு.”