விட்டுப்போன வரி

அனுசுயாவின் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. அல்லிநகரத்து மாடி வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களோடு வார்த்தைகளைப் பற்றிச் சண்டை போடுகிறாள். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? ரசாயனங்களால் மனிதனுக்கு என்ன கெடுதல் வரும் என்று மதிப்பிடுகிறவர்கள் ஒரு கட்சி. அதைப் பற்றி உலகத்தில் வந்த ஆய்வுகளை ஒன்றுவிடாமல் திரட்டி, எதை எவ்வளவு நம்பலாம் என்று சலித்துச் சொல்கிறவர்கள் இன்னொரு கட்சி. ஒரே விஷயத்துக்கு அவர்கள் ஒரு சொல், இவர்கள் ஒரு சொல். இரண்டு கட்சிக்கும் பொதுவான சொற்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருளை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் அவள் வேலை. கல்யாணப் பேச்சில்கூட இத்தனை இழுபறி இருக்காது.

அதிலும் 'சான்று போதவில்லை' என்பது மாதக்கணக்கில் உயிரை வாங்கியது. ஆய்வுகளைச் சலிக்கிறவர்கள், இன்னும் தெரியவில்லை என்ற பொருளில் அதை எழுதினார்கள். மதிப்பிடுகிறவர்களில் சிலரோ, அதைப் படித்ததும் கெடுதல் இல்லை என்று ஃபைலை மூடினார்கள். அனுசுயா விடவில்லை. சான்று போதவில்லை என்றால் தீங்கு இல்லை என்று அர்த்தமாகாது. இந்த ஒரு வரியை அதன் கீழேயே சேர்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் சேர்த்தார்கள். அன்று சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணன் பாண்டியராஜனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிறவன் அவன். நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. பழைய குடி திரும்பிவிட்டது என்று ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. மகள் பிறந்த அன்றே விட்டுவிட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். தள்ளாடுகிறவனின் சத்தியத்தை யார் கேட்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனபோது, அண்ணன் மனைவி நதியா அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"நீ இதைத்தான படிச்சிருக்க, அனுசுயா. தோட்டத்து மருந்துனால இப்பிடியெல்லாம் வருமா? உங்கண்ணன் அதத்தான் சொல்றாக. நீ ஆமான்னா நான் நம்பிருவேன்."

அவன் என்னென்ன மருந்தை எவ்வளவு அடித்தான் என்று அனுசுயாவுக்குத் தெரியாது. டாக்டரும் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது அவள் தொழிலில் பாவம்.

"அப்பிடிச் சொல்றதுக்கு ஆதாரம் பத்தாது மதினி," என்றாள். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மதுரைக்குப் போவதற்குள் பாண்டியராஜன் வாய்க்கால் கரையில் தடுமாறி விழுந்தான். தலையில் அடி. படுத்தவன் எழவில்லை; சித்திரை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். இழவு வீட்டில் நதியா அழவே இல்லை. அதிர்ச்சியில் மரத்துப்போய்விட்டாள் என்று அனுசுயா நினைத்துக்கொண்டாள். அண்ணன் போன துக்கத்தில் அதற்குமேல் யோசிக்க அவளுக்கு முடியவில்லை.

ஆடியில் மறுபடி போனபோது வீடு பூட்டிக் கிடந்தது.

"திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கா. அங்கன போயிப் பாரு," என்றாள் பக்கத்து வீட்டுப் பவுனு.

பந்தலுக்கு அடியில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. மருந்தடிக்கிறவருக்குப் பின்னால், முகத்தில் அண்ணனின் துண்டைச் சுற்றிக்கொண்டு நதியா ஹோஸை இழுத்துக்கொண்டிருந்தாள். அனுசுயா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"இந்த வேலைக்கு ஏன் மதினி வந்தீக?"

"ஏன், என்ன செய்யும்? மருந்துல ஒண்ணுமில்லைன்னு நீதான சொன்ன?"

"தெரியலைன்னுதான் மதினி சொன்னேன். இல்லைன்னு சொல்லல. மருந்தாவும் இருக்கலாம். தெரியலங்கிறதுக்காக இல்லைன்னு ஆயிராது."

உலகத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த வரிதான். அன்று அண்ணன் வீட்டு அடுப்படியில் அதைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நினைப்பே அவளைக் கூசவைத்தது.

நதியா துண்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அப்ப, அவுக குடிக்காமலும் இருந்திருக்கலாம்?"

ஆமாம் என்று அனுசுயா தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு நீயே அப்பிடிச் சொல்லிட்டியேன்னு, அவுக பொய்தான் சொல்றாகன்னு நெனச்சேன். விழுந்த பெறகு அவுககூட நான் ஒரு வார்த்தை பேசல. கஞ்சிய வச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருவேன். 'நான் குடிக்கல நதியா'ன்னு கொழறிக் கொழறிச் சொல்லுவாக. காது கேக்காத மாதிரியே இருந்துட்டேன்."

ஹோஸ் வரவில்லையே என்று பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது. நதியா திரும்பிப் பார்க்கவில்லை. துண்டின் முனையைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப வந்து சொல்றியே தாயி, இனி நான் யார்கிட்டப் போயிப் பேச?"